யாருக்காக என்ற கட்டம்

அத்தியாயம் 17

காலை பத்தேகால் மணிக்கு மெட்டில்டா ஆபீஸுக்குப் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதுமே பிரிஜெட் கையிலிருந்த வேலையை விட்டாள். சமையலறைக் குழாய் உடைந்து கூடம் முழுக்கத் தண்ணீர் நின்ற அன்றுகூட, பிரிஜெட் சாயந்திரம் வரட்டும் என்று தனியாகத் துடைத்துக்கொண்டிருந்தவள் அந்த நாத்தனார். அவள் வேலை நேரத்தில் கூப்பிடுகிறாள் என்றால் என்னவோ நடந்திருக்கிறது.

"பிரிஜெட், நம்ம வீட்டு நம்பரை யாருக்காவது குடுத்தியா?"

கொடுக்கவில்லை என்றாள் பிரிஜெட்.

மெட்டில்டா நடந்ததைச் சொன்னாள். காலை ஏழரையிலிருந்து இதுவரை பதினோரு போன். முதலில் ஒரு பெண், ஆம்ப்ரோஸுக்குக் கர்ப்பப்பைக் கட்டி கரைந்தது எந்த டாக்டரிடம் என்று விசாரித்தாள். மெட்டில்டா ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்து ஒரு பெரியவர், ஆம்ப்ரோஸ் நர்சிங் பரீட்சையில் தேறியதற்கு ஆசீர்வாதம் சொன்னார். அதற்கடுத்தவர், ஆம்ப்ரோஸ் வாங்கிய வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, மாடியை வாடகைக்கு விடுவாரா என்று கேட்டார். எட்டாவது ஆள் அடுத்த தெரு லாண்டரிக்காரர். அவர் கட்டியையும் பரீட்சையையும் பற்றிக் கேட்கவில்லை. ஆம்ப்ரோஸ் திரும்பி வந்துவிட்டாராமே, பக்கத்துத் தெருக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பிரிஜெட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் சொன்னார்களாம் என்று கேட்டாள்.

"கோயில் வாசல்ல ஒரு நோட்டீஸ் குடுக்குறாங்களாம். அதுல போட்டிருக்காம்." மெட்டில்டாவின் குரல் இறங்கியது. "அதுல எதைப் பாத்துட்டு இவங்க பேசுறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எதைப் பார்த்துவிட்டு என்றால் என்ன அர்த்தம்? பிரிஜெட்டுக்கு விளங்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

விவேக் நகரில் அந்த வீட்டுக்குள் பதினான்கு மாதமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. ஆம்ப்ரோஸ், பிரிஜெட்டின் கணவன், மெட்டில்டாவின் தம்பி. ஒரு தனியார் கம்பெனியின் ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். ஆடுகோடி பக்கம் ஒரு மழை நாளில், காற்று பறித்த குடையைப் பிடிக்க ரோட்டுக்குள் ஓடிய எட்டு வயதுப் பெண்குழந்தை அவன் பஸ்ஸில் அடிபட்டு இறந்தது. வழக்கு இரண்டரை வருடம் நடந்தது. டிரைவர்மேல் தவறில்லை என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்த மறுநாள் காலையில், லைசென்ஸையும் கைக்கடிகாரத்தையும் டி.வி. மேல் வைத்துவிட்டு வெளியே போனவன் திரும்பவே இல்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தது, வேளாங்கண்ணிவரை போய்த் தேடியது, மகள் அனுஷா அப்பாவைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திக்கொண்டது எல்லாம் போன வாரங்களில் பார்த்தோம். பதினோரு வருடம் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பக்கம் கட்டிய பிரிஜெட், ஒரு மாதத்துக்கு முன்புதான் காக்ஸ் டவுனில் இந்த விளம்பர வாரப் பத்திரிகையில் சேர்ந்தாள். சோதனைக் காலம் மூன்று மாதம். வீட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லி, ஆபீஸ் போன் நம்பரைக் கொடுத்திருந்தாள். மெட்டில்டா அதற்குமேல் கேட்டதில்லை.

பிரிஜெட் போனை வைப்பதற்கும், முதலாளி சீனிவாசராகவன் கையில் ஒரு மஞ்சள் தாளோடு உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. சட்டை முதுகு வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாளை அவள் மேஜைமேல் போட்டார்.

"இதை வாசிம்மா. சத்தமா வாசி."

வாசித்தாள். பத்திரிகையில் மக்கள் கொடுக்கும் நன்றி அறிவிப்புகள் அவை. குழந்தை இயேசுவிடம் வேண்டிக்கொண்டு, கேட்டது கிடைத்தால் பேப்பரில் போடுகிறேன் என்று நேர்ந்துகொள்கிறவர்கள் ஊரில் ஏராளம். கட்டி கரைந்தது. கீழே, யாருக்காக: ஆம்ப்ரோஸ். பரீட்சையில் தேறியது. யாருக்காக: ஆம்ப்ரோஸ். சுகப் பிரசவம். யாருக்காக: ஆம்ப்ரோஸ். ஒவ்வொன்றுக்கும் அடியில் அவர்கள் வீட்டு டெலிபோன் நம்பர். தாளின் இரண்டு பக்கமும் அதேதான்.



பத்திரிகைக்குப் புதிதாக இன்டர்நெட் தளம் ஆரம்பித்திருக்கிறோம் என்று ஊருக்குத் தெரிவிக்க, சீனிவாசராகவன் ஒரு வேலை செய்திருந்தார். தளத்திலிருந்த நன்றிகளை விடியற்காலையில் அப்படியே அச்சடித்து, வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம் கூடும் குழந்தை இயேசு கோயில் வாசலில் ஐந்நூறு தாள் கொடுக்கச் சொல்லியிருந்தார். யாரும் ஒரு தடவை வாசித்துப் பார்க்கவில்லை. பிரசவத்துக்கு நன்றி சொன்ன பெண்ணின் புருஷன் ஆபீஸுக்கே வந்து, யார் அந்த ஆம்ப்ரோஸ் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவனைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது என்றார்.

"ரெண்டு மணிக்குள்ள எல்லாம் சுத்தமா இருக்கணும். இல்லேன்னா இந்த வேலை உனக்குச் சரிப்படுமான்னு நான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

பிரிஜெட் திரையைப் பார்த்தாள். என்ன தப்பு செய்தோம் என்றே பிடிபடவில்லை.

அச்சகத்தில் பக்கம் கட்டும்போது, வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதுதான் தாளில் வரும். இங்கே அப்படி இல்லை. இந்தப் புது சாஃப்ட்வேரில் பக்கம் என்று ஒன்று எங்கேயும் கிடையாது. டெம்ப்ளேட் என்று ஒன்றை முதலில் அமைக்க வேண்டும். என்னென்ன கட்டங்கள், எந்த வரிசையில், எதற்குத் தடித்த எழுத்து என்பது மட்டும்தான் அதில். விஷயம் வேறெங்கோ இருக்கும். இரண்டும் சேர்ந்து பக்கமாவது மூன்றாவது ஓர் இடத்தில். நேற்று சாயந்திரம் அவள் நன்றி அறிவிப்புக்கான டெம்ப்ளேட்டை அமைத்தாள். யாருக்கு நன்றி, என்ன வரம், யாருக்காக, தொடர்பு நம்பர் என்று நாலு கட்டம். எப்படி வருகிறது என்று பார்க்க மாதிரிக்கு ஏதாவது போட வேண்டியிருந்தது.

யாருக்காக என்ற கட்டத்துக்கு எதிரே கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தபோது, விரல்கள் தாமாக ஆம்ப்ரோஸ் என்று அடித்தன. அடித்து முடித்த பிறகுதான் அவளே பார்த்தாள். அழிக்க மனம் வரவில்லை. மாதிரிதானே என்று விட்டாள். நம்பர் கட்டத்தில் வாய்க்கு வந்த நம்பராக வீட்டு நம்பரைப் போட்டாள். சேமித்துவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

சிந்து பதினோரு மணிக்கு வந்தாள். சாஃப்ட்வேரை அமைத்துக் கொடுக்கும் கம்பெனியின் ஆள், சேலத்துக்காரி. வாரத்தில் இரண்டு நாள் இங்கே வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள். மஞ்சள் தாளை வாசித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிரிஜெட்டின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

டெம்ப்ளேட்டைத் திறந்து, யாருக்காக என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். "அக்கா, இது மாதிரி எழுதிப் பாக்குற இடம் இல்லைங்க. அறிவிப்பு குடுத்தவங்க இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா, அங்க என்ன வரணும்னு கேக்குற இடம். நீங்க ஒரு பேரைப் போட்டுட்டீங்க. யார் யார் காலியா விட்டாங்களோ அவங்க எல்லாத்துக்கும் அந்தப் பேரு வந்துருச்சு."

"நான் ஒரு தடவைதானே போட்டேன்?"

"ஒரு தடவை போதுங்க. டெம்ப்ளேட்டே அதுக்குத்தான்."

கீழே அறிவிப்பு வாங்கும் கவுன்டரில் வந்த சீட்டுகளை எல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். நூற்று எண்பத்தாறு நன்றிகள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர்கள்தான் அதில் அதிகம். முக்கால்வாசிப் பேர் பெயரையும் நம்பரையும் எழுதவில்லை. அவர்கள் எல்லோருடைய வரமும் ஒரே ராத்திரியில் ஆம்ப்ரோஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

சிந்து அந்தக் கட்டத்தைக் காலி செய்யச் சொன்னாள். பிரிஜெட் பெயரை அழித்தாள். நம்பரை அழித்தாள். சேமித்தாள். ஒவ்வொரு அறிவிப்பாகத் திறந்து திருத்த வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இங்கே போனால் எல்லா இடத்திலும் போய்விடும் என்றாள் சிந்து. பிரிஜெட்டுக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தை மறுபடி வரவழைத்தாள். கட்டி கரைந்ததற்கு நன்றி. கீழே வெறுமை. பரீட்சைக்கு நன்றி. வெறுமை. பிரசவம், வீடு, விசா, குடி நின்றது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அவன் பெயர் துடைத்த மாதிரிப் போயிருந்தது.

நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. போட்டதும் தான், அழித்ததும் தான் என்று இருந்தது.

சிந்து டீ குடிக்கப் போனாள். பிரிஜெட் நூற்று எண்பத்தாறையும் கடைசிவரை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று இறங்கினாள். நூற்று முப்பதோ என்னவோ தாண்டியிருப்பாள். கை நின்றது.

"கேட்ட மன்றாட்டை நிறைவேற்றித் தந்த குழந்தை இயேசுவுக்குக் கோடி நன்றி. காணாமல் போனவர் நலமாகத் திரும்பினார். யாருக்காக: ஆம்ப்ரோஸ்."

கீழே வீட்டு நம்பர்.

இது ஒன்று மட்டும் எப்படி விட்டுப்போயிற்று? மறுபடி டெம்ப்ளேட்டுக்குப் போனாள். கட்டம் காலியாகத்தான் இருந்தது. மறுபடி சேமித்தாள். பக்கத்தை மூடித் திறந்தாள். பெயர் போகவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அது எழுந்து வருவதற்குள் சிந்துவும் வந்துவிட்டாள். ஒன்று மட்டும் அழிய மாட்டேன் என்கிறது என்றாள் பிரிஜெட்.

சிந்து அந்த அறிவிப்பைத் தனியாகத் திறந்தாள். 

"அக்கா, இது நீங்க போட்டது இல்லைங்க. இதைக் குடுத்தவங்களே எழுதினது. அதனாலதான் போகல."

"அதெப்படி? எங்க வீட்டு நம்பர் இருக்கே."

"அதுதான் எனக்கும் புரியல. தேதியைப் பாருங்க." சிந்து திரையின் ஓரத்தைக் காட்டினாள். பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொன்று நாற்பது. டெம்ப்ளேட் பதினெட்டாம் தேதி, நேற்று, புதன்கிழமை செய்தது. "நீங்க டெம்ப்ளேட் செய்யறதுக்கு நாலு நாள் முன்னாடியே இது கவுன்டருக்கு வந்திருக்கு. யாருங்க ஆம்ப்ரோஸ்?"

"எங்க வீட்டுக்காரர்."

 சிந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சங்கடத்தோடு, வேண்டாமென்றால் இதை மட்டும் தனியாக எடுத்துவிடலாமா என்றாள்.

"எடுக்காத. இருக்கட்டும்."

லாண்டரிக்காரர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். ஐந்நூறு தாளில், அத்தனை உளறலுக்கு நடுவே, ஒரு வரி நிஜம்.

அல்லது அதுவும் உளறலா? விவேக் நகர் கோயில் பங்கிலேயே நாலைந்து ஆம்ப்ரோஸ் உண்டு. கம்ப்யூட்டர் தேதியைக் குழப்பியிருக்கலாம். அவள் மூளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. வீட்டு நம்பரை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

கவுன்டரில் வாங்கும் சீட்டுகளை நாள் வாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். பிரிஜெட் கீழே இறங்கிப் போய், சனிக்கிழமைக் கம்பியைக் கேட்டு வாங்கினாள். ஏழாவது சீட்டில் இருந்தது. நீல மை. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப் போடுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, உருண்டையாக, கோட்டுக்குமேல் உட்கார்ந்திருந்தது. இருபத்தாறு வருடம் கான்வென்ட்டில் ஒன்றாம் வகுப்பு எடுத்த கை. பால்காரருக்கு எழுதும் சீட்டிலும், அனுஷாவின் டிபன் டப்பாவில் ஒட்டும் பெயரிலும் தினம் தினம் அவள் பார்க்கிற கை.

மெட்டில்டாவின் கையெழுத்து.

சீனிவாசராகவனிடம் சுத்தமாகிவிட்டது என்று போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு பத்து அறிவிப்பைப் பார்த்தார். கோபம் இறங்கியிருந்தது. நோட்டீஸைப் பார்த்துவிட்டுக் காலையிலிருந்து நாற்பது பேர் ஆபீஸுக்கும் போன் செய்துவிட்டார்கள், அதில் ஆறு பேர் புதிதாக அறிவிப்பு கொடுக்கிறேன் என்கிறார்கள் என்றார். நாளை துக்க அறிவிப்புக்கான டெம்ப்ளேட்டை ஆரம்பிக்க வேண்டும், அதில் மாதிரிக்கு யாருடைய பெயரையும் போட்டுத் தொலைக்காதே என்றும் சொன்னார். நாலு மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்டாள். ஏன் என்று கேட்காமல் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவள் வெளியே எதையும் பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. உயிரோடு இருக்கிறான். நலமாக இருக்கிறான். எத்தனை வியாழக்கிழமை இதைக் கேட்டு முழங்காலில் நின்றிருக்கிறாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் சரியாக வரவில்லை. திரும்பினார் என்றால் எங்கே திரும்பினார்? வீட்டில் நேற்று ராத்திரியும் மூன்று தட்டுதானே கழுவினேன்?

வீட்டில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தாள் மெட்டில்டா. அனுஷா பள்ளியிலிருந்து நேரே டியூஷன் போயிருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது, வர ஏழாகும். மெட்டில்டா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிரிஜெட்டை நாலே முக்காலுக்கு வாசலில் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

பிரிஜெட் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனாள். கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, நறுக்கிய பீன்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மெட்டில்டா அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"அந்த ஆபீஸா நீ வேலை பாக்குற ஆபீஸு?"

"ஆமாக்கா."

"எனக்குத் தெரியாது பிரிஜெட். தெரிஞ்சிருந்தா வேற பேப்பருக்குப் போயிருப்பேன்."

இதற்குக் கோபப்படுவதா என்றும் பிரிஜெட்டுக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்தாள். மெட்டில்டா சொல்ல ஆரம்பித்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், வியாழக்கிழமை நவநாளில், கடைசி பெஞ்சில் தூணுக்குப் பக்கத்தில் ஒருவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்தபோதும் எழவில்லை. மெட்டில்டாவுக்குப் பின்கழுத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இத்தனை நாள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் இருந்தேன், ஸ்டீயரிங்கைத் தொடவில்லை என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வா என்று இழுத்ததற்கு, இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டு நானே வருவேன் என்றானாம். என்ன வேலை என்பதைச் சொல்லவில்லை. பிரிஜெட்டிடமும் குழந்தையிடமும் மூச்சு விடக் கூடாது என்று கோயில் வாசலிலேயே சத்தியம் வாங்கியிருக்கிறான்.

"மூணு வாரமா எங்கூட உக்காந்து சாப்புடுறீங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா அவன் மறுபடி ஓடிப் போயிருவான்னு பயமா இருந்துச்சு. அவன் கண்ணு அப்படி இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குப் பேப்பர்ல போட்டீங்க?"

மெட்டில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன் உயிரோட கண்ணுல பட்டா பேப்பர்ல போடுறேன்னு நேர்ந்திருந்தேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கினான். குழந்தை இயேசுகிட்ட சொல்லக் கூடாதுன்னு வாங்கல. பேரு போட வேண்டாம்னுதான் நெனச்சேன். கவுன்டர்ல அந்தப் பொண்ணு கட்டம் கட்டமா இருக்குற சீட்டைக் குடுத்து எழுதச் சொல்லிச்சு. கட்டத்தைக் காலியா விட எனக்குப் பழக்கம் இல்ல."

காலையில் அவள் கேட்ட கேள்வியின் அர்த்தம் பிரிஜெட்டுக்கு இப்போதுதான் பிடிபட்டது. நாள் முழுக்க, போன் அடிக்கும்போதெல்லாம், எதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்களோ என்று இவள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். மெட்டில்டா எழுந்துபோய், ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வந்தாள். உடம்புக்கு முடியாமல் ஏதாவது ஆனால் வந்து பார்க்கலாம், மற்றபடி வராதே என்று சொல்லி அவனே எழுதிக் கொடுத்தானாம். இவள் இதுவரை போகவில்லை. நீலசந்திரா, பத்தாவது கிராஸ், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு.

நீலசந்திரா. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்.

நானும் வரட்டுமா என்று மெட்டில்டா எழுந்தாள். வேண்டாம், அனுஷா வந்தால் வீட்டில் ஆள் வேண்டும் என்றாள் பிரிஜெட். அவளிடம் என்ன சொல்வது என்று மெட்டில்டா கேட்டாள். பிரிஜெட் எழுந்து உள்ளே போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். புடவையை மாற்றலாமா என்று பீரோவைத் திறந்தாள். பிறகு, எதற்காக மாற்ற வேண்டும், யாருக்காக என்று அப்படியே மூடிவிட்டுக் கிளம்பினாள்.

நடந்தால் கால் பின்வாங்கிவிடும் என்று ஆட்டோ பிடித்தாள். பத்தாவது கிராஸில் ஆட்டோ நுழைய முடியவில்லை. தண்ணீர் விடுகிற நேரம். தெரு நீளத்துக்கும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. தமிழும் கன்னடமும் உருதுவுமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. தொட்டிக்கு எதிர்ச் சந்துக்குள் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் போக முடியாது. மூன்றாவது வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெளியே கொடியில் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காலர் ஓரத்தில் அவளே தைத்துக் கொடுத்த நீலப் பித்தான், மற்றப் பித்தான்களோடு சேராமல்.

மூன்று வாரம் பழகிய வீட்டில் தொங்குகிற மாதிரி அந்தச் சட்டை அங்கே தொங்கியது. பிரிஜெட்டின் நெஞ்சுக்குள் முதன்முறையாக ஒரு விகாரமான எண்ணம் எழுந்தது. பாக்கி வேலை என்றானே. இதுதானா? இங்கே ஒருத்தி இருக்கிறாளா?

ஒருத்தி இருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. வாசலில் நிற்பவளைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றாள்.

பிரிஜெட்டுக்கு அந்த முகம் தெரியும். எங்கே என்று உடனே நினைவுக்கு வரவில்லை. கோயிலிலா, மார்க்கெட்டிலா? அவள் தோளுக்குமேல், உள்சுவரில், புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் கீழே ஒரு சின்னப் போட்டோ இருந்தது. இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடை, முன்பல் ஒன்று விழுந்த சிரிப்பு. அதற்கு மாலை போட்டிருந்தது.

அந்தப் போட்டோவின் பெரிய பிரதியைக் கோர்ட்டில் வக்கீல் தூக்கிக் காட்டியிருக்கிறார். இரண்டரை வருடம், ஒவ்வொரு வாய்தாவுக்கும், வராந்தாவில் எதிர் பெஞ்சில் இந்தப் பெண்தான் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறைகூட இருவரும் பேசிக்கொண்டதில்லை. தீர்ப்பு வாசித்த அன்று இவள் மயங்கி விழுந்தாள். பிரிஜெட் தன் தண்ணீர் பாட்டிலை யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

காந்தா. செத்துப்போன குழந்தையின் அம்மா.

பிரிஜெட்டின் கால் தன்னால் ஒரு படி பின்னால் போனது. ஒரு நிமிடத்துக்கு முன் நினைத்த நினைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆம்ப்ரோஸின் சட்டை இந்த வீட்டுக் கொடியில் ஏன்? இந்தப் பெண் இவனை எப்படி உள்ளே விட்டாள்? இவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்தப் படியேறினான்? கேட்க வாயைத் திறந்தாள். ஒரு கேள்விகூட முழுசாக வரவில்லை.

"நான்... அவரு..."

"தண்ணி புடிக்கப் போயிருக்காரு. வந்துருவாரு." காந்தா கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. பிரிஜெட் தேடிப் பார்த்தும் இல்லை. "உள்ள வாங்க. நீங்க வருவீங்கன்னு தெரியும். எப்பன்னுதான் தெரியல."

பிரிஜெட் நகரவில்லை. சந்து முனையில் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. யாரோ கனமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த நடையை அவள் இருபது வருடம் கேட்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

காந்தா அவள் முகத்தையே பார்த்தபடி, வருகிறவனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அவரைத் திட்டாதீங்க. அவரா வரல. நான்தான் ஆள் அனுப்பிக் கூப்புட்டேன்."